மாத்திரைமேல் வயிறெரிந்த மதலேனா ரீச்சர்

மதலேனா ரீச்சருக்கு ஒரு மாத்திரையின்மேல் பொறாமை வந்தது என்று சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் அட்டியல்மேல் பொறாமை வரும், ஓரகத்தியின் மாடி வீட்டின்மேல் வரும். சட்டைப் பொத்தானிலும் சின்னதான ஒரு வெள்ளை மாத்திரையின்மேல் வருமா? வந்தது. கண்டி நகரத்தில், கட்டுகஸ்தோட்டைத் தெருவுக்கு மேலே சரிவில் இருந்த ஒரு கன்னியர் பள்ளிக்கூடத்தில், 1939ஆம் ஆண்டு தை மாதத்தில் வந்து, தவக்காலத்தில் முற்றியது. அதுவும் ஜெபமாலை உருட்டும் கையோடு, வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாத வாயோடு வந்தது.

பொறாமை அவருக்குப் புது உறவு அல்ல. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் மனுவேலின் ஐந்து பெண்பிள்ளைகளில் நட்டநடுவில் பிறந்தவர் அவர். மூத்தவளுக்குப் புதுச்சட்டை, கடைசிக்காரிக்கு அம்மாவின் மடி, நடுவில் நிற்கிறவளுக்கு இரண்டும் இல்லை. "என்னய மட்டும் தவிட்டுக்கா வாங்குனீங்க?" என்று சின்ன வயதிலேயே கேட்ட வாய் அது. பிறகு வயது வந்து பெண் பார்க்க ஒருவர் வந்தார். பலகாரத்தைச் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், தங்கையைக் கட்டிக்கொண்டு போனார். மதலேனா அந்தக் கலியாணத்தில் மணப்பெண் தோழிபோல ஓடியாடி வேலை செய்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு வாழைக்குலையை வெட்டி எறிந்தார். குலை முற்றியிருக்கவில்லை. கத்தி கையில் இருந்தது, வேறு எதை வெட்டுவது?

ஆனால் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. தோட்டத்து லயத்துக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு கன்னியாஸ்திரி, சரியான மறுமொழி சொன்ன மதலேனாவின் கையில், சொன்ன வாய் மூடுமுன் ஒரு சுரூபப் படத்தை வைத்தார். பொன் விளிம்பு போட்ட படம். நாளைக்குத் தருகிறேன், அடுத்த கிழமை பார்க்கலாம் என்று சொல்லவில்லை. அந்தக் கணத்தின் சூட்டை மதலேனா வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. கன்னியர் விடுதியில் தங்கிப் படித்து, ரீச்சராகி, இரண்டாம் வகுப்பில் வந்து நின்றபோது அவர் கையில் பிரம்பு இல்லை. சட்டைப் பையில் படங்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து தலைமைக் கன்னியாஸ்திரியான மதருக்குப் பெட்டி பெட்டியாக வருகிற படங்கள். கணக்கு முடித்த பிள்ளைக்குக் கையோடு படம். எழுத்தைக் கோட்டுக்குள் நிறுத்திய பிள்ளைக்குக் கையோடு படம். ஊரில் அவரைப் படத்து ரீச்சர் என்றார்கள். அடங்காத பிள்ளைகளை எல்லோரும் அவர் வகுப்பில்தான் கொண்டுவந்து தள்ளினார்கள், அவரும் பெருமையோடு வாங்கிக்கொண்டார்.

அப்படித் தள்ளப்பட்டு வந்தவள்தான் தெரேசா. கடுகண்ணாவையில் குடியிருந்து, கண்டி ஸ்டேசனில் சாமான் கொட்டகைக் கிளார்க்காக வேலை பார்த்த லோரன்ஸின் மூத்த மகள். ஏழு வயது. அதற்குள் இரண்டு பள்ளிக்கூடங்கள் அவளைக் கும்பிட்டு அனுப்பிவிட்டன. வாங்குப் பலகையில் உட்கார்ந்தால் வாங்கு ஆடும், எழுந்தால் வகுப்பே ஆடும். ஒரு கூட்டல் கணக்கில் பாதி போவாள், யன்னலில் காகம் உட்காரும், மீதிக் கணக்கைக் காகம் தூக்கிக்கொண்டு போய்விடும். கெட்ட பிள்ளை இல்லை, பொய் பேசத் தெரியாது. மனம் ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான்.

மதலேனா ரீச்சர் அவளைத் தட்டிக்கொடுத்து வழிக்குக் கொண்டுவந்த விதத்தைப் பார்க்க மற்ற ரீச்சர்மார் வாசலில் வந்து நிற்பார்கள். முழுக் கணக்கைக் கொடுக்கமாட்டார். முதல் வரி மட்டும். "இத மட்டும் போட்டுக் காட்டு கண்ணு." போட்டதும் வர்ணக் காகிதத்தில் ஒரு துண்டு. அடுத்த வரி, அடுத்த துண்டு. கணக்கு முடிந்ததும் படம். பிள்ளை சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் வேகத்தில் ரீச்சரின் இடுப்பில் வந்து மோதும். "ரீச்சர், முடிச்சிட்டேன்!" என்று அண்ணாந்து பார்க்கும். படம் அந்தக் கணத்தில் வரவேண்டும். யாராவது வாசலில் கூப்பிட்டு ரீச்சர் திரும்பிவிட்டால் போச்சு, கணக்கும் மறந்துவிடும், படமும் மறந்துவிடும், பிள்ளை மேசைக்குக் கீழே தவழும். நாளைக்கு என்ற சொல் அந்தப் பிள்ளைக்கு விளங்காத சொல்.

ஒரு நாளைக்கு எத்தனை தரம் அவள் ஓடிவந்து மோதுவாள் என்று ரீச்சர் எண்ணவில்லை. ஆனால் மோதாத சனி ஞாயிறுகளில் இடுப்புப் பக்கம் என்னவோபோல இருந்தது. நாற்பது வயதுவரை அவரை நோக்கி யாரும் ஓடிவந்ததில்லை.

இந்த வித்தையை ஏற்காதவர் ஒருவர் இருந்தார். பக்கத்து வகுப்பு ரீச்சர், யோசப்பின் என்று பெயர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம், நிமிர்ந்த நடை, கஞ்சி போட்ட சேலை. பின்னேரங்களில் இரண்டு வகுப்புக்கும் சேர்த்துப் பாட்டும் தையலும் அவர்தான். "உடனை உடனை குடுத்தால் அது லஞ்சம் ரீச்சர். காத்திருந்து வாங்கிறதுதான் பரிசு," என்பார். அவருடைய பரிசு தவக்காலத்தில் தொடங்கும். விறாந்தையில் ஒரு பலகை, அதில் பிள்ளைகளின் பெயர்கள். திங்கள் தொடங்கிக் கிழமை முழுவதும் ஒழுங்காக இருந்தவளின் பெயருக்கு அருகே வெள்ளிக்கிழமை ஒரு காகிதப் பூக் குத்தப்படும். உயிர்ப்பு ஞாயிறான பாஸ்கு வரை பெயர் இறங்காமல் பூ வாங்கியவர்கள், ஜூன் மாதம் நற்கருணைத் திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் வெள்ளைக் கவுனும் முக்காடும் போட்டு, ஆண்டவருக்கு முன்னால் பூத் தூவிக்கொண்டு போகலாம். ஒரு தவறு மன்னிக்கப்படும், இரண்டாவது தவறினால் பெயரே இறங்கும். ஊரிலுள்ள தாய்மாருக்கெல்லாம் அந்தக் கவுன்மேல் கண். முதல் வருடம் தெரேசாவின் பெயர் முதற் கிழமையிலேயே தள்ளாடி, அடுத்த கிழமை இறங்கிவிட்டது. மதலேனா ரீச்சருக்கு அதில் கவலை இல்லை. உள்ளதைச் சொன்னால் சந்தோசம்கூட. என் பிள்ளை என் கைக்குத்தான் அடங்கும் என்ற சந்தோசம்.

அந்த வருட முடிவில் தெரேசா, அப்பாவோடு பள்ளிக்கூடம் வருகிற ரயில் பேராதனைச் சந்தியில் நிற்குமுன் ஒரு குரங்கைப் பார்த்துக் குதித்துவிட்டாள். முழங்காலோடு போனது. லோரன்ஸுக்கு உயிரே போய் வந்தது. கண்டியிலேயே திருகோணமலை வீதியில் மருந்துச்சாலை வைத்திருந்த டொக்டர் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். "நீங்களும் வாங்க ரீச்சர், இவளப் பத்தி ஒங்களுக்குத்தான் தெரியும்," என்று அழைத்தார். ரீச்சர் தன்னுடைய நல்ல சேலையை உடுத்திக்கொண்டு போனார்.

போனவர் சும்மா இருந்தாரா? வரி வரியாக வேலை கொடுப்பதையும், படம் ஒரு நிமிடம் தாமதித்தாலும் எல்லாம் கலைந்துவிடுவதையும் அழகாக எடுத்துச் சொன்னார். டொக்டர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"நல்லா விளங்கப்படுத்திறியள் ரீச்சர். படமும் நல்ல மருந்துதான். ஆனால் ரயிலுக்கை படம் கூட வராதே," என்றார். பிறகு அமெரிக்காவில் ஒருவர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்ததாகத் தான் ஒரு சஞ்சிகையில் வாசித்ததைச் சொன்னார். "நித்திரை கொள்ளுறவையை முழிப்பாட்டிற மருந்து அது. துள்ளுற பிள்ளைக்கு அதைக் குடுக்க, பிள்ளை அடங்கிப் படிக்குதாம். ஏனெண்டு கேக்காதேங்கோ, எனக்கும் விளங்கேல்லை. அரை மாத்திரையில தொடங்கி ஒண்டுக்கு வருவம். காலமையில மட்டும், எட்டு மணிக்குப் பிறகு வேண்டாம், இரவு நித்திரை வராது. பசியும் குறையும், பார்த்துக்கொள்ளுங்கோ. ரீச்சர், நீங்கள் படத்தை நிப்பாட்டிப்போடாதேங்கோ. மாத்திரை பிள்ளையை இருத்தும், அவ்வளவுதான். மிச்சம் உங்கட கையில."

கடைசியில் சொன்னது ரீச்சரின் காதில் விழவில்லை. நம் காதில் விழுந்தது போதும், கதைக்கு உதவும்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியது. போன வருடம் பாதியும் ஆட்டத்தில் போனதால் தெரேசாவுக்கு மறுபடியும் அதே இரண்டாம் வகுப்பு. வந்தாள், உட்கார்ந்தாள். ரீச்சர் முதல் வரியை எழுதிக் கொடுத்துவிட்டு, காகிதத் துண்டோடு பக்கத்தில் நின்றார். பிள்ளை முதல் வரியைப் போட்டாள், இரண்டாவதைத் தானே எழுதிக்கொண்டாள், மூன்றாவதுக்குப் போனாள். யன்னலில் காகம் வந்தது, கத்தியது, யாரும் கவனிக்காததால் போய்விட்டது. கணக்கு முடிந்தது. ரீச்சர் இடுப்பை நேராக்கிக்கொண்டு நின்றார். யாரும் வந்து மோதவில்லை. பிள்ளை அடுத்த கணக்கை எடுத்திருந்தாள்.

"தெரேசா, இந்தா படம்," என்று ரீச்சரே நடந்து போய் நீட்டினார்.

"வச்சிட்டுப் போங்க ரீச்சர்," என்றாள் பிள்ளை, தலை நிமிராமல்.

வைத்துவிட்டுப் போனார். மேசையில் வந்து உட்கார்ந்தபோது நெஞ்சுக்குள் பழைய தெரிந்த சூடு ஏறியது. தங்கையின் கலியாணத்தன்று ஏறிய அதே சூடு. நான் ஒரு வருடம் முழங்கால் தேயச் செய்ததை இந்தப் பொத்தான் ஒரு காலையில் செய்துவிட்டதா? லோரன்ஸ் வந்து டொக்டரைப் புகழ்ந்தார். மதர் வந்து டொக்டரைப் புகழ்ந்தார். வாசலில் வந்து நின்று பார்த்த ரீச்சர்மார் யாரையும் காணவில்லை. சும்மா உட்கார்ந்து கணக்குப் போடும் பிள்ளையை யார் வந்து பார்ப்பார்கள்?

அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் இடைவேளையில் தெரேசா பக்கத்தில் வந்து நின்று, "ரீச்சர், இந்தத் தவக்காலத்துல நான் எல்லா வெள்ளியும் பூ வாங்குவேன். சுற்றுப்பிரகாரத்துல பூத் தூவுவேன். யோசப்பின் ரீச்சர் ஏலும்னு சொன்னாங்க," என்றாள்.

"அதுக்கு எவ்வளவு நாள் காத்திருக்கணும் தெரியுமா?" என்றார் ரீச்சர்.

"தெரியும். காத்திருப்பேன்."

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. காத்திருப்பாளாம். ஒரு நிமிடம் பொறுக்கமாட்டாதவள், ஜூன் வரை காத்திருப்பாளாம். அதுவும் யோசப்பினின் பூவுக்கு. மாத்திரை பிள்ளையைப் பிடுங்கி, பலகையும் பூவுமாக நிற்கிற அந்த யாழ்ப்பாணத்துக்காரியின் கையில் கொடுத்துவிட்டது. அன்றைக்கு மதலேனா ரீச்சர் மத்தியானச் சோற்றை அப்படியே மூடிவைத்தார். மாத்திரை சாப்பிடுகிறவளுக்குப் பசி குறைந்ததோ இல்லையோ, அவருக்குக் குறைந்துவிட்டது.

மாசி மாத முதல் வெள்ளி வந்தது. முதல் வெள்ளியில் பள்ளிக்கூடம் முழுவதும் காலைப் பூசைக்குப் போய் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும். அந்தக் காலத்து ஒருசந்தி இந்தக் காலத்து ஒருசந்தி அல்ல. நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கக்கூடாது, மருந்தும் கூடாது. வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் உள்ளே போய்விட்டதோ என்று பயந்து நன்மை வாங்காமல் திரும்பிய பெண்கள் இருந்தார்கள். தெரேசாவுக்கும் லோரன்ஸ் அன்று மாத்திரை கொடுக்கவில்லை. பூசைக்குப் பிறகு கொடுக்கலாமென்றால் போத்தல் கடுகண்ணாவையில் அலுமாரிக்குள் இருந்தது.

ஒன்பது மணிக்கு வாங்கு ஆடத் தொடங்கியது. ரீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அடுத்த நிமிடம், "ரீச்சர், முடிச்சிட்டேன்!" இடுப்பில் வந்து ஒரு மோதல். நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது. அன்று முழுவதும் படங்களும் காகிதத் துண்டுகளும் பறந்தன. என்னுடைய தெரேசா திரும்பி வந்துவிட்டாள் என்று ரீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்தக் கண்ணீரோடேயே மூளையில் ஒரு விளக்கும் எரிந்தது. முதல் வெள்ளியில் மாத்திரை இல்லை. வெள்ளிக்கு மட்டும் ஏன் நன்மை? தவக்காலம் வருகிறதே, தினமும் வாங்கலாமே?

அவர் அதைப் பாவம் என்று நினைக்கவில்லை. பிள்ளை தினமும் ஆண்டவரை வாங்குவதில் பாவம் எங்கே இருக்கிறது? பொறாமைக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டு, அது எந்தக் கோவிலுக்குள்ளும் முக்காடு போட்டுக்கொண்டு நுழையும்.

லோரன்ஸிடம் சொன்னபோது அவர் குளிர்ந்து போனார். "எங்க புள்ளயா ரீச்சர்? தெனமும் நன்மை வாங்கவா?" என்றார். சாமான் கொட்டகையில் ஏழு மணிக்கு நிற்கவேண்டியவர். பிள்ளையைக் கோவில் வாசலில் ரீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். ஆனால் மாத்திரையை அவர் மறக்கவில்லை. சாம்பல் புதன் காலையில் காகிதத்தில் பொதிந்த ஒன்றை ரீச்சரின் கையில் வைத்தார். "பூசை முடிஞ்சதும் பணிஸோட குடுத்திடுங்க ரீச்சர். எட்டு மணிக்கு முன்னுக்கு."

ரீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை. பூசை முழுவதும் அந்தப் பொதி உள்ளங்கையில் இருந்தது. பூசை முடிந்தது, பிள்ளை சீனி தூவிய பணிஸ் ரொட்டியைத் தின்றாள், தண்ணீர் குடித்தாள், ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். ரீச்சர் கையை மூடியபடியே, "வா, நேரமாச்சு," என்றார். பள்ளிக்கூடத்துக் கிணற்றடியைக் கடக்கும்போது அந்த மாத்திரை வாய்க்காலில் போனது. அடுத்த நாளும் போனது. அதற்கடுத்த நாளும்.

வகுப்பில் அவருக்குத் திருநாள். பிற்பகலில் யோசப்பின் ரீச்சருக்குத் தலைவலி. பாட்டு நடுவில் தெரேசா எழுந்து யன்னலுக்குப் போனாள், தையல் ஊசியால் வாங்கில் கோழி வரைந்தாள். வெள்ளிக்கிழமை அவள் பெயருக்கு அருகே பூ இல்லை. பிள்ளை பலகைக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றாள். மதலேனா ரீச்சர் தூரத்திலிருந்து பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவத்துக்கு அடியில் ஓர் இனிப்பு இருந்ததை அவர் மறுக்கமுடியாது. உன் பரிசு தோற்றுவிட்டது யோசப்பின், உன் மருந்து தோற்றுவிட்டது டொக்டரே. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக, "அழாத கண்ணு, இந்தா படம்," என்று பிள்ளையை அணைத்துக்கொண்டார்.

தெரேசா படத்தை வாங்கினாள். ஆனால் திரும்பித் திரும்பிப் பலகையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது வெள்ளியும் பூ இல்லை. யோசப்பின் ரீச்சர் அவள் பெயரெழுதிய அட்டையைக் கழற்றித் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். "நான் இந்தப் பிள்ளையில நம்பிக்கை வச்சிருந்தன். மாத்திரையும் கைவிட்டிட்டுது போல," என்று மதலேனா ரீச்சரிடமே சொன்னார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தின்மேலும் மதலேனாவுக்குப் பொறாமை வந்தது. என் பிள்ளைக்காக வருந்த இவள் யார்?

திங்கட்கிழமை காலையில் கோவில் வாசலில் லோரன்ஸ் கவலையோடு நின்றார். பொதி கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"சனி ஞாயிறு வீட்ல தங்கமா இருக்கா ரீச்சர். பள்ளிக்கூட நாள்லதான் மருந்து வேல செய்யல. டொக்டர் யோசிச்சு யோசிச்சுப் பாத்திட்டு, பள்ளிக்கூட நாள்ல ரெண்டா குடுத்துப் பாக்கலாம்னு சொல்லிட்டார். ரெண்டு வச்சிருக்கேன். ராவைக்குத் தூங்குவாளோ என்னமோ, மாதாதான் காப்பாத்தணும்."

அவர் போய்விட்டார். பூசை நடந்தது. சுவாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று ரீச்சருக்குத் தெரியாது. அவருக்கு முதன்முறையாகப் பயம் பிடித்தது. இன்றைக்கு வாய்க்காலில் போனால் நாளைக்கு மூன்று வரும். ஒருநாள் லோரன்ஸ் தானே கொடுப்பார், மூன்றும் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். நெருப்போடு விளையாடியவள் நான், சுடப்போவது அவளுக்கு.

பூசை முடிந்து கோவில் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தெரேசா பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தாள். பிறகு ரீச்சரின் மூடிய கையைத் தொட்டாள்.

"ரீச்சர், இன்னைக்குக் குடுங்களேன்."

"எத?"

"மாத்திரைய. நீங்க தெனமும் வாய்க்கால்ல போடுறீங்கள்ல."

பிள்ளையின் குரலில் கோபம் இல்லை, முறைப்பாடு இல்லை. வகுப்பில் சிலேட்டுக் குச்சி கேட்பதுபோலக் கேட்டாள்.

"நீ அப்பாகிட்ட சொல்லலியா?"

"இல்ல. நீங்க காரணத்தோடதானே செய்வீங்க." கொஞ்ச நேரம் பணிஸின் சீனியை விரலால் தொட்டாள். "இந்த வருசம் பூ போனாப் பரவால்ல ரீச்சர். அடுத்த வருசம் தூவலாம். அதுவரைக்கும் காத்திருப்பேன். மாத்திரை குடிச்சா ஏலும். குடிச்சா நான் ஒங்ககிட்ட ஓடிஓடி வந்து இடிச்சுத் தொல்ல குடுக்க மாட்டேன்."

மதலேனா ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். உலகத்தில் அவருக்கென்று கிடைத்த ஒரே இனிப்பை, அவருக்குப் பிள்ளை கொடுத்த தொல்லை என்று அந்தப் பிள்ளை இத்தனை நாளும் நினைத்திருக்கிறது. தொல்லை இல்லையடி என்று சொன்னால் அதையும் பிள்ளையின் தலையில் ஏற்றுவதாகும். பொதியைப் பிரித்தார். ஒரு மாத்திரையை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தார், மற்றதைத் திரும்பப் பொதிந்தார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார்.

அன்று காலை வகுப்பில் யாரும் வந்து மோதவில்லை.

பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தாயிற்று, இனி ஒழுங்காக இருப்பாள், அடுத்த வருடம் பூத் தூவுவாள் என்று விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது, தெரிந்த ஒருத்தி சொல்லமாட்டாள். ஆனால் அந்த "அடுத்த வருசம்" என்ற சொல் ரீச்சரை இருக்கவிடவில்லை. இடைவேளைக்கு மணி அடித்ததும் எழுந்து யோசப்பின் ரீச்சரின் வகுப்புக்குப் போனார். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது எளிது, நடுவில் வலைத்தட்டி உண்டு. இங்கே யோசப்பின் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்த்தார்.

"தெரேசா பேரத் திரும்பப் போடுங்க ரீச்சர். பிழ அவ மேல இல்ல. சாம்பல் புதன்லேருந்து நான் மாத்திரை குடுக்கல. அப்பாகிட்ட வாங்கி வாங்கி வீசிட்டேன்."

யோசப்பின் ரீச்சர் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "ஏன் ரீச்சர்? மறந்துபோனியளோ?"

மறந்துபோனேன் என்று சொல்ல அவரே வழி விட்டார். மதலேனா ரீச்சர் அந்த வழியில் போகவில்லை.

"மறக்கல. பொறாமை."

"என்னிலயோ?"

"ஒங்க மேல கொஞ்சம். மாத்திரை மேலதான் கூட."

இதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் யோசப்பின் ரீச்சராகத்தான் இருக்கும். அவர் லாச்சியைத் திறந்து அட்டையை எடுத்தார், விறாந்தைக்குப் போனார், பலகையில் குத்தினார். தவறிய இரண்டு கிழமைக்கும் இரண்டு காகிதப் பூவைத் தன் கையாலேயே வைத்தார். திரும்பி வந்து, "தகப்பனுக்கும் டொக்டருக்கும் மதருக்கும் நீங்கள்தான் சொல்லவேணும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றார். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு, மதலேனாவைப் பாராமலே, "அந்தப் பிள்ளை என்னட்டை ஒரு நாளும் ஓடி வரேல்லை," என்றார்.

மதலேனா ரீச்சர் எல்லோரிடமும் சொன்னார். லோரன்ஸ் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து மாத்திரையைத் தானே கொடுத்தார், தவக்காலத்து நன்மையை ஞாயிறுக்கு மாற்றினார். டொக்டர் இரண்டு மாத்திரைச் சீட்டைக் கிழித்துப்போட்டார். "படத்தை நிப்பாட்ட வேண்டாமெண்டு அண்டைக்கே சொன்னனான். ரெண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நல்லது. நீங்கள் ஏன் அதோட சண்டைக்குப் போனியள்?" என்று கேட்டார். மதர் அதிகம் கேட்கவில்லை. இரண்டாம் வகுப்பை எடுத்து, எழுத்துப் பழகும் சின்னஞ்சிறுசுகளின் அரிவரி வகுப்பைக் கொடுத்தார். அது கீழிறக்கம் என்பது அரிவரிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியாது. தெரேசா, மாத்திரை இருந்த நாளில் மாத்திரையோடும், இல்லாத நாளில் ஆடும் வாங்கோடும், யோசப்பின் ரீச்சரின் வகுப்புக்கு மாறி வளர்ந்தாள். அங்கே யோசப்பின் ரீச்சர் கணக்கை வரி வரியாகக் கொடுப்பதாகவும், லஞ்சம் என்று தானே சொன்ன வர்ணக் காகிதத்தைக் கையோடு கொடுப்பதாகவும் கேள்விப்பட்டு, மதலேனா ரீச்சர் இன்னும் ஒரு நாள் சோற்றை மூடிவைத்தார். மனம் திருந்திவிட்டால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னது? அவர் திருந்தினார், அது போகவில்லை.

நற்கருணைத் திருநாள் வந்தது. தெருவெல்லாம் தோரணம், மழை வருமோ வராதோ என்று மேகம் வேறு. மதலேனா ரீச்சர் அரிவரிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தெருவோரத்தில் நின்றார். மேற்கட்டியின் கீழ் சுவாமியார் நற்கருணை ஆண்டவரை வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி வந்தார். முன்னால் வெள்ளைக் கவுன் பிள்ளைகள், மணி கிலுங்கும்போதெல்லாம் திரும்பி நின்று ஆண்டவரை நோக்கிப் பூத் தூவினார்கள். அவர்களில் மூன்றாவதாக வந்தாள் தெரேசா. முழங்காலில் பேராதனைத் தழும்பு, கையில் பூக்கூடை. பலூன்காரன் கூவினான், அவள் பார்க்கவில்லை. ஒரு நாய் குறுக்கே ஓடியது, பார்க்கவில்லை. அரிவரியில் ஒரு குட்டி, "தெரேசாக்கா!" என்று கத்தியது. மதலேனா ரீச்சர் அந்தக் குட்டியின் வாயைப் பொத்தினார், ஆனால் தன் கழுத்தை நீட்டிப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கணம் இந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

மணி கிலுங்கியது. பிள்ளை திரும்பினாள், பூவை அள்ளினாள், தூவினாள். பிசகாத, அசையாத கண் முழுவதும் ஆண்டவர்மேல் இருந்தது. தெருவே முழந்தாளிட்டது. மதலேனா ரீச்சரும் முழந்தாளிட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளையின் பார்வையை முழுதாக வாங்கிக்கொண்டு போகிற ஆண்டவர்மேல் வயிறெரிந்தார்.